வீடு பளபளக்கிறது, பிள்ளை தும்முகிறாள்

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. காலையில் கண் விழித்ததும் பத்துப் பதினைந்து தும்மல், மூக்கடைப்பு. கார்த்திகை மழை தொடங்கினால் இரவில் இழுப்பும் வந்துவிடும். கிளினிக்கில் தொய்வு (ஆஸ்துமா) என்று சொல்லி இன்ஹேலர் தந்திருக்கிறார்கள். ஒவ்வாமைப் பரிசோதனையில் தூசி உண்ணியும் கரப்பானும் ஒத்துக்கொள்ளாது என்று வந்தது. நான் வீட்டை அழுக்காக வைத்திருப்பவள் அல்ல. காலையும் மாலையும் கூட்டுவேன், தினமும் கிருமிநாசினி விட்டு நிலம் கழுவுவேன், வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவேன். கடலுக்குக் கிட்ட, கூரைக்குச் சீற் போட்ட வீடு. கடற்காற்றுத்தான் காரணம் என்கிறார் மாமி. காற்றைச் சுத்தமாக்கும் மெசினும் ஈரம் உறிஞ்சும் மெசினும் வாங்குவோம் என்கிறார் கணவர். வீட்டுப் பூனையையும் மகள் கட்டிப்பிடித்துப் படுக்கும் கரடிப் பொம்மையையும் என்ன செய்வது? இன்னும் எதையெல்லாம் கழுவ வேண்டும்?
ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இன்னும் எதைக் கழுவ வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கழுவுவதைக் கொஞ்சம் குறையுங்கள் என்பதுதான் என் முதல் பதில். கோபிக்க வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு என் வீட்டு நிலத்தை ஒருக்கால் குனிந்து பார்த்தேன். உங்கள் வீடு அதைவிட எவ்வளவோ சுத்தம் என்று தெரிகிறது. ஆனால் மகளைத் தும்ம வைப்பது அவள் தலை வைத்துப் படுக்கும் இடத்தில் இருக்கிறது. அதை அங்கே உயிரோடு வைத்திருப்பது ஈரம். கார்த்திகை மழைக்குக் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு ஒரு வாளி தண்ணீரை நிலத்தில் ஊற்றித் துடைத்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? காற்றில் ஏறும். காற்றிலிருந்து மெத்தைக்கும் தலையணைக்கும் போகும்.

தூசி உண்ணி சிலந்திக்கும் நாய் உண்ணிக்கும் சொந்தம். எட்டுக் கால். நீளம் ஒரு மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்குகூட வராது, ஆகவே வெறுங்கண்ணுக்கு அகப்படாது. கடிக்கவும் கடிக்காது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துணுக்குதான் அதன் சாப்பாடு. தண்ணீர் குடிக்காது, காற்றில் இருக்கும் ஈரத்தை உடம்பாலேயே இழுத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதன் 50 வீதத்துக்குக் கீழே போய் அங்கேயே நின்றால் மெல்ல மெல்லக் காய்ந்து செத்துப்போகும். 70, 80 வீதம் என்றால் அதற்குத் தீபாவளி. மகளின் மூக்குக்கு ஒத்துக்கொள்ளாதது பெரும்பாலும் அதன் எச்சம். வீட்டுத் தூசி ஒவ்வாமைக்குப் பின்னால் இந்த உண்ணி இருப்பதை 1960களில் காட்டியவர்கள் நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள். ஈரமான வீடுகளில் அது கூடுதலாக இருப்பதையும் அவர்களே கண்டார்கள். ஒல்லாந்தர் திருகோணமலையில் விட்டுப்போன கோட்டையைவிட, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கண்டுபிடித்த இந்த விஷயம் எனக்குத் தினமும் உதவுகிறது.

இரவில் எட்டு ஒன்பது மணித்தியாலம் பிள்ளை முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டு மூச்சு விடுகிறாள். விடிந்ததும் தும்மல் வரிசையாக வராமல் என்ன செய்யும்?

மாமி சொல்வதில் பாதி சரி. கடற்காற்றே ஒவ்வாமை தருவதில்லை. ஆனால் ஐப்பசிக் கடைசியில் வாடைக் காற்று திரும்பிவிட்டால் தை வரை மழையும் ஈரமும்தான். சுவர் வியர்க்கும், உப்புப் போத்தல் கட்டிபடும், கொடியில் போட்ட துவாய் மூன்று நாளானாலும் நமநமவென்று கிடக்கும். கடற்கரை வீடுகளில் துணியிலும் சுவரிலும் படிகிற உப்பும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஊர்ப் பேரிலேயே உப்பை வைத்திருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

வைகாசியிலிருந்து புரட்டாதி வரை நிலைமை நேர்மாறு. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, வெறும் வெக்கையாக இறங்கி வருகிற கச்சான் காற்று. கண் எரிகிறது, முற்றத்து மண்ணெல்லாம் வீட்டுக்குள் வருகிறது என்று எல்லோரும் அதைத் திட்டுவோம். தொய்வுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அது காசில்லாமல் கிடைக்கும் உலர்த்தி. கொழும்பில் இருப்பவர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. ஆகவே மெத்தை, திரைச்சீலை, அலுமாரி போன்ற பெரிய வேலைகளைக் கச்சானுக்கு ஒதுக்குங்கள். மாரியில் வீட்டுக்குள் நாமாகத் தண்ணீர் சேர்க்காமல் இருந்தாலே பெரிய காரியம்.

இனிப் படுக்கை. போன வருடம் பாலையூற்றுப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கேயும் தொய்வுப் பிள்ளை, அங்கேயும் முகம் பார்க்கலாம் போல நிலம். பையனின் தலையணையைக் கொண்டுவரச் சொன்னேன். பூப்போட்ட உறை, முதல்நாள் துவைத்தது, சவர்க்கார வாசம்கூடப் போகவில்லை. உறையைக் கழற்றினோம். உள்துணி முழுக்கப் பழுப்பு வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக, பழைய தேசப்படம் மாதிரி. இலவம் பஞ்சு கட்டி கட்டியாகத் திரண்டு, தூக்கினால் ஒரு மூலைக்குச் சரிந்தது. ஜன்னல் வழியே வெயில் ஒரு கீற்றாக விழுந்துகொண்டிருந்தது. அதற்கு நேரே பிடித்துத் தலையணையில் ஒரே ஒரு தட்டு. கீற்று முழுக்கப் புகை மாதிரித் தூசி எழும்பி நின்று ஆடியது. “இதுக்கு எத்தனை வயசு?” என்று கேட்டேன். தாய் யோசித்துவிட்டு, “தம்பி பிறக்கிறதுக்கு முதல் வாங்கினது” என்றார். தம்பி அப்போது இரண்டாம் வகுப்பு.

உங்கள் மகளின் தலையணைக்கும் வயதைக் கணக்குப் பாருங்கள். இலவம் பஞ்சைக் கழுவ முடியாது. பழையதென்றால் வீசிவிட்டுப் புதிது வாங்குங்கள். செயற்கைப் பஞ்சில் உண்ணி வராது என்று கடையில் சொல்வார்கள், நம்ப வேண்டாம். செயற்கைப் பஞ்சுத் தலையணைகளில் இறகுத் தலையணைகளைவிடக் கூடுதலாக உண்ணி எச்சம் சேர்ந்திருந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இறகு வெளியே வராமலிருக்க அந்தத் துணியை நெருக்கமாக நெய்திருப்பார்கள், அதனாலாக இருக்கலாம் என்கிறார்கள். ஆக, பஞ்சு எதுவானாலும் துணியைப் பாருங்கள். இழைகளுக்கு இடையே மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்குக்கு மேல் இடைவெளி இல்லாத, ஸிப் வைத்த உறைகள் இதற்கென்றே இருக்கின்றன. விலை கட்டாவிட்டால் மிக நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் தைப்பிக்கலாம். வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கும்போது புள்ளி புள்ளியாக ஒளி தெரிகிற துணி சரிவராது. மெத்தைக்கும் இப்படித்தான், ஆறு பக்கமும் மூட வேண்டும். பிளாஸ்டிக் உறை மலிவு, உண்ணியையும் தடுக்கும், ஆனால் நம் வெக்கைக்குப் பிள்ளை வியர்த்து நனைந்துபோவாள். மெத்தைக்கு அதைப் போட்டு மேலே தடித்த பருத்தி விரிப்பு விரித்துச் சமாளிக்கலாம். தலையணைக்கு வேண்டாம்.

மேலே போடும் விரிப்பு, தலையணை உறை, போர்வை மூன்றும் வாரம் ஒருமுறை சுடுதண்ணீருக்குப் போக வேண்டும். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் எச்சம் பெரும்பாலும் போய்விடும். உண்ணி சாகாது, துணியோடு திரும்பவும் கட்டிலுக்கு வந்துவிடும். அது சாக 55 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும். வெப்பமானி தேடி அலைய வேண்டாம். கொதிக்கக் கொதிக்க இறக்கிய தண்ணீர் ஒரு பங்கு, பைப் தண்ணீர் ஒரு பங்கு சேர்த்தால் ஏறக்குறைய 60 பாகை வந்துவிடும். தடியால் துணியை அமுக்கி, வாளியை மூடி அரை மணித்தியாலம் விட்டுவிட்டு, பிறகு வழமைபோலத் துவையுங்கள். பிள்ளைகள் ஓடித் திரியும் நேரத்தில் மட்டும் இந்த வேலை வேண்டாம். சுடுதண்ணீர்க் காயத்தோடு வரும் பிள்ளைகளைப் பார்த்துப் பயந்தவன் நான்.

விடிந்ததும் கட்டிலை விரித்து மூடுகிற பழக்கத்தையும் கைவிடுங்கள். இரவு முழுக்க விட்ட வியர்வை மெத்தையில் இருக்கிறது. போர்வையை எடுத்துவிட்டு, ஃபேனைச் சுழலவிட்டு ஒரு மணித்தியாலம் ஆறவிடுங்கள். மாமி ஏதாவது சொன்னால் வைத்தியர் சொன்னார் என்று என் தலையில் போடுங்கள்.

கச்சான் காலத்தில் மாதம் ஒருமுறையாவது மெத்தை, தலையணை, பாய் எல்லாம் முற்றத்துக்கு வரட்டும். சுட்டுக் கிடக்கும் சீமெந்தில் பத்து மணிக்குப் போட்டு இரண்டு மணிக்கு எடுக்கலாம். சூடு பட்டதும் உண்ணி அடிப்பக்கம் இறங்கப் பார்க்கும், அதனால் நடுவில் ஒருக்கால் புரட்ட வேண்டும். கம்பளங்களை நேரடி வெயிலில் போட்டு, உண்ணி முழுவதும் செத்துப்போவதை 1990களில் அவுஸ்திரேலியாவில் காட்டியிருக்கிறார்கள். தடித்த மெத்தையின் நடுவுக்கு அந்தச் சூடு போய்ச் சேராது. பாய்க்கும் மெல்லிய மெத்தைக்கும் வடிவாக வேலை செய்யும். செத்த உண்ணியும் அதன் எச்சமும் அங்கேயேதான் கிடக்கும் என்பதால் பிறகு நன்றாகத் தட்ட வேண்டும். தட்டுவது கணவரின் பங்கு. மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, காற்று வீட்டை விட்டு வெளிப்பக்கம் போகும்படி நின்று தட்டட்டும். அந்த நேரம் மகள் பக்கத்து வீட்டில் விளையாடட்டும்.

உறை போட்டால் தொய்வு போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். 2003இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், தொய்வுள்ள பெரியவர்களுக்கு உறை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. அடுத்த வருடம் வெளியான இன்னோர் ஆய்வில் அமெரிக்காவின் 7 நகரங்களைச் சேர்ந்த 937 பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களில் பாதிப் பேரளவுக்கு, எது ஒத்துக்கொள்ளாதோ அதற்கேற்ப உறை, கரப்பான் ஒழிப்பு, புகை தவிர்ப்பு என்று பல வேலைகளைச் சேர்த்துச் செய்தார்கள். அந்த வீடுகளில் இழுப்பு வரும் நாட்கள் குறைந்தன. உங்களை இத்தனையும் செய்யச் சொல்லிக் கரைச்சல் கொடுப்பது அதனால்தான்.

சரி, ஈரத்துக்கு வருவோம். ஈரப்பதன் காட்டும் சின்ன மீற்றர் ஒன்றை வாங்கி மகளின் அறையில் வையுங்கள். மாரியில் 80க்கு மேல் காட்டினால் பயப்பட வேண்டாம், அதை 50க்கு இறக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. என்ன செய்தால் ஏறுகிறது என்று பாருங்கள். மழை நாளில் அறைக்குள் கயிறு கட்டி உடுப்புக் காயப்போட்டுவிட்டு மீற்றரைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும். ஒரு வாளி உடுப்புக் காய்ந்தால் இரண்டு லீற்றரளவு தண்ணீர் அறைக் காற்றுக்குள் போயிருக்கும். விறாந்தைக்கு மாற்றுங்கள். நிலத்தை, நன்றாகப் பிழிந்த துணியால், மழை விட்ட பகல் பொழுதில் துடைத்தால் போதும். கிருமிநாசினியும் தினமும் வேண்டாம். உண்ணிக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை, அதன் மணம் சில பிள்ளைகளுக்கு இழுப்பைக் கிளப்பும்.

கணவர் சொல்லும் ஈரம் உறிஞ்சும் மெசின் நன்றாக மூடிய அறைக்குச் சரி. சீற் வீடுகளில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும். அங்கே அதைப் போட்டால் உப்புவெளிக் கடலை வற்றவைக்கப் பார்க்கும்; மின்சாரக் கட்டணம்தான் மிச்சம். காற்றைச் சுத்தமாக்கும் மெசினும் அப்படியே. உண்ணி எச்சம் பாரமானது, கிளம்பினாலும் அரை மணித்தியாலத்துக்குள் கீழே படிந்துவிடும். காற்றில் நிற்காததை மெசின் எப்படி இழுக்கும்? அந்தக் காசை உறைகளுக்குச் செலவழிக்கச் சொல்லுங்கள்.

அலுமாரிக்குப் பின்னால் எப்போது பார்த்தீர்கள்? எனக்கு என் கலியாணக் கோட்டு பாடம் படிப்பித்தது. குளியலறைச் சுவரோடு ஒட்டி நின்ற அலுமாரியில் இரண்டு மாரி தொங்கியது. எடுத்தபோது கழுத்துப் பட்டி பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. அலுமாரியை நகர்த்தினால் சுவரில் ஆளுயரத்துக்குப் பூஞ்சணம். இப்போது சுவரை விட்டு நாலு விரல் தள்ளி நிற்கிறது, கோட்டுத்தான் இல்லை.

பூஞ்சணத்தை உலர்ந்தபடி தேய்த்தால் அதன் வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும். முதலில் சவர்க்காரத் தண்ணீரால் நனைத்துவிட்டுத் தேயுங்கள், துடையுங்கள், அன்றே காயவையுங்கள். ப்ளீச் பாவிப்பதென்றால் கழிவறை கழுவும் அமிலத்தோடு ஒருபோதும் சேர்த்துவிடாதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு பெரியவர்களையே விழுத்திவிடும். சுவருக்குள் தண்ணீர் வருகிற வழியை அடைக்காமல் மேலே பெயின்ற் அடித்தால் அடுத்த மாரிக்குத் திரும்ப வரும். உங்களுடையது அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் ஒரு கண்டிப்பு: அடிப்பக்கம் கறுத்திருக்கிறது என்று கம்பிப் பிரஷால் சுரண்ட வேண்டாம். அந்த நார் நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்துக் காட்டும் வேலை தூசி உண்ணியையெல்லாம் விளையாட்டாக்கிவிடும். ஒழுகும் சீற்றை மாற்றுவதானால் உடைக்காமல் கழற்றத் தெரிந்தவர் வேண்டும்.

கரப்பானுக்கு ஸ்பிரே அடிக்க வேண்டாம், மகளுக்கு அதுவே இழுப்பு. இரவு பத்து மணிக்குக் குசினி லைட்டைத் திடீரென்று போட்டால் எங்கே ஓடி ஒளிகிறதென்று தெரியும். பெரும்பாலும் காஸ் சிலிண்டருக்குப் பின்னால், சிங்குக்குக் கீழே, தூக்கி வைத்த கார்ட்போட் பெட்டிகளுக்குள். அந்த இடங்களில் ஜெல் மருந்தைச் சிறு சிறு பொட்டாக வையுங்கள், பிள்ளைக்கும் பூனைக்கும் எட்டாமல். இரவில் சிங்கைத் துடைத்துக் காயவிடுங்கள். சாப்பாடில்லாமல் கிடக்கும் அளவுக்குத் தண்ணீரில்லாமல் அதனால் கிடக்க முடியாது. செத்த பிறகும் அதன் எச்சமும் உடைந்த துண்டுகளும் மாதக்கணக்கில் ஒவ்வாமை தரும், ஆகவே கடைசியில் அந்த மூலைகளைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைக்க வேண்டும். இங்கே மட்டும் உங்கள் கழுவும் ஆசைக்குத் தடை இல்லை.

கூட்டுவதை மகள் பள்ளிக்கூடம் போன பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் அவள் இருக்கும்போது தும்புத்தடி வேண்டாம், ஈரத்துணி போதும். ஃபேன் இதழில் பழைய தலையணை உறையை மாட்டி உருவி எடுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும். நுளம்பு வலை கழுவாமல் தொங்கினால் பிள்ளையின் தலைக்கு மேல் கட்டிய தூசிப் பந்தல்தான், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அலசுங்கள். வலை கட்டாயம் வேண்டும், டெங்கு இருக்கும் ஊர். நுளம்புத் திரிதான் வேண்டாம். ஒரு திரி எரிந்து முடியும்போது வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் கணக்கிட்டிருக்கிறார்கள். சாம்பிராணியும் புகைதான். வெள்ளிக்கிழமை வழக்கத்தை விட மனமில்லையென்றால் முற்றத்தில் போடுங்கள்.

இதையெல்லாம் செய்கிறோமே என்று இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள். தடுப்பு இன்ஹேலரைக் குறைப்பதா இல்லையா என்பதை மூன்று மாதம் கழித்து கிளினிக்கில் பேசலாம். நிவாரண இன்ஹேலர் அடித்தும் ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் மூச்சு வாங்கினால், விலாவுக்கு இடையே தோல் உள்ளே இழுத்தால், உதடு நீலம் பாய்ந்தால், கட்டில் மெத்தை எல்லாவற்றையும் விட்டுவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

பூனை இருக்கட்டும். பரிசோதனையில் அதன் பேர் வரவில்லையே. படுக்கையறைக்குள் மட்டும் விட வேண்டாம்.

கரடிப் பொம்மைக்கும் வழி இருக்கிறது. பொலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டி, ஒரு முழு நாள் பிரிட்ஜின் உறைபெட்டியில் வையுங்கள். உள்ளே இருக்கும் உண்ணி குளிரில் செத்துவிடும். பிறகு எடுத்துக் கழுவி, ஈரம் உள்ளே தங்காமல் வெயிலில் காயவைத்துக் கொடுங்கள். மாதம் ஒருமுறை போதும். மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் சொல்லாமல் செய்து, மீன் பொதிகளுக்கு நடுவே கரடி படுத்திருப்பதைப் பேத்தி கண்டுவிட்டு, அன்றிரவு என்னோடு பேசவில்லை.